கொடுங்கோளூர்ப் பேராயர் ரோஸ்

கிழக்கே கொங்கு நாடும் மேற்கே மலைநாடும் கைகோக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்துள்ளது நம் கொழிஞ்சாம்பாறை. இல்லத்தில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த பேச்சு என்பது நமக்கு நாள்தோறும் உள்ள வழக்கம். இவ்வெல்லைக்கோடு நாட்டின் ஆட்சியை மட்டுமன்றிச் சமய ஆட்சியையும் பலமுறை இப்பக்கமும் அப்பக்கமுமாக இழுத்திருக்கிறது. நம் வட்டாரத்துக் கத்தோலிக்கத் தமிழர் பலர் நெடுங்காலம் கோயமுத்தூர் மேற்றிராசனத்தைச் சார்ந்திருந்தனர் என்பதையும், 2013-ஆம் ஆண்டின் இறுதியில் சுல்தான்பேட்டை என்னும் புதிய மேற்றிராசனம் பிரிக்கப்பட்டதையும் நம்மில் பலர் அறிவர். ஆனால் இற்றைக்கு நானூறு ஆண்டுகட்கு முன்னர் நிலைமை நேர்மாறாக இருந்தது. அன்று மதுரை மாநகரத்துக் கிறித்தவர்க்கு மேலாளராக விளங்கியவர் தமிழகத்தில் வீற்றிருந்தாரல்லர். மேற்குக் கடற்கரையிலே, கொடுங்கோளூரிலே வீற்றிருந்தார். பிரான்சிஸ்கோ ரோஸ் என்னும் பெயருடைய அப்பெரியாரின் வரலாற்றை ஆண்டு விழா மலரில் எழுத நேர்ந்தமை எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கொடுங்கோளூர் என்றதும் தமிழர் நெஞ்சம் சற்றே நிமிரும். சுந்தரமூர்த்தி நாயனாரும் சேரமான் பெருமாளும் வழிபட்ட திருவஞ்சைக்களம் அங்கே உள்ளது. சேரர் தலைநகராகிய வஞ்சி அதுவே என்பர் ஒரு சாரார். கருவூரே வஞ்சி என்பர் மற்றொரு சாரார். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்த முசிறித் துறை இப்பக்கத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. அத்துறையிலிருந்து கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குச் சென்ற பெருவழியின் அருகே உரோமர் காசுகள் கிடைத்துள்ளன. ஆகவே கொடுங்கோளூருக்கும் நமக்கும் உள்ள உறவு ரோஸ் காலத்தில் தோன்றியதன்று.

ரோஸ் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியினர்; கெரோனா நகரைச் சேர்ந்தவர். இளமையிலேயே சேசு சபையில் சேர்ந்தார். 1584-இல் இந்தியா வந்தார். அக்காலத்தில் போர்த்துகல் நாட்டுக்கும் ஸ்பெயின் நாட்டுக்கும் ஒரே அரசர். எனவே போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில் கட்டலோனியர் ஒருவர் வந்திறங்கியதில் வியப்பில்லை. வந்தவர் மலையாளம் கற்றார். அதனினும் அரியதாகிய சுரியானி மொழியில் தேர்ந்த புலமை பெற்றார். அவர் வாழ்வின் ஏற்றத்துக்கும் துன்பத்துக்கும் அப்புலமையே காரணம்.

மலைநாட்டில் போர்த்துகீசியர் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே கிறித்தவ சமயம் வேரூன்றியிருந்தது. தோமையார் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் அம்மக்கள் மிளகு வாணிகத்திலும் படைத்தொழிலிலும் சிறந்திருந்தனர். உடையிலும் உணவிலும் வீட்டு வழக்கங்களிலும் நாயர் முதலிய அக்கம்பக்கத்தாரை ஒத்திருந்தனர். கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849-ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழியைத் தமிழறிந்தோர் இன்றும் முயன்றால் படித்துணரலாம். இம்மக்களின் வழிபாட்டு மொழி மட்டும் சுரியானி. அவர்தம் மேற்றிராணியார்கள் பாரசீகம், மெசொப்பொத்தாமியா முதலிய நாடுகளிலிருந்து கல்தேய மறைமுதல்வரால் அனுப்பப்பெற்று வந்தனர். அவ்வாறு வந்தவருக்கு உள்ளூர் மொழியும் நடப்பும் தெரியாமையால் உண்மையான ஆட்சி அர்க்கதியாக்கோன் என்னும் உள்ளூர்த் தலைவரிடம் இருந்தது. பகலோமற்றம் என்னும் ஒரே குடும்பத்தில் அப்பதவி வழிவழியாக வந்தது. சாதிக்குக் கர்த்தவ்யன் என்பது அவர் விருதுப்பெயர். உள்நாட்டு மன்னர்களும் அவரை அம்மக்களின் தலைவராகவே மதித்தனர்.

கல்தேயத்திலிருந்து வந்தவருள் இறுதியானவர் மார் ஆபிரகாம். அவர் அங்கமாலியில் இருந்து ஆண்டார். 1585-இல் கோவாவில் கூடிய மாகாணச் சங்கத்துக்கு அவர் சென்றபோது, அவர்தம் நூல்களில் பிழை உண்டு என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. நூல்களைப் பார்க்கச் சுரியானி அறிந்தவர் ஒருவர் வேண்டும். அவ்வேலை ரோஸிடம் வந்தது. சேந்தமங்கலத்தை அடுத்த வைப்பிக்கோட்டையில் சேசு சபையார் நடத்திய குருமடத்தில் ரோஸ் சுரியானி ஆசிரியரானார். இளைஞர் அவரிடம் தம் முன்னோர் மொழியைப் பயின்றனர். அதே ஆசிரியர் மறுபுறம் அம்முன்னோரின் நூல்களைப் படித்துப் பிழை குறித்துக்கொண்டிருந்தார்! அக்குறிப்புகள் நெஸ்தோரியர் பிழைகளைப் பற்றிய ஒரு நூலாயின. இலத்தீனில் எழுதிய அச்சுவடி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அச்சேறாமற் கிடந்து 1928-இல்தான் வெளிவந்தது.

1597-இல் மார் ஆபிரகாம் காலமானார். அடுத்து ஒரு கல்தேயர் வந்துவிடாதபடி தடுக்க முனைந்தார் கோவாப் பேராயர் அலேசு தெ மெனேசிஸ். அவர் 1599-இல் மலைநாடு வந்து ஊர் ஊராகச் சுற்றினார், அரசரைக் கண்டார், பலருக்குக் குருப்பட்டம் அளித்துத் தம் பக்கம் ஆள் சேர்த்தார். அவ்வாண்டு ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூட்டினார். கத்தனார் 153 பேரும் பொதுமக்கள் ஏறத்தாழ 660 பேரும் அதில் அமர்ந்தனர் என்பர். சங்கம் என்றால் கூடிக் கலந்து பேசுவது என்று நாம் கருதுகிறோம். உதயம்பேரூரில் தீர்மானங்கள் முன்னரே எழுதி முடிந்திருந்தன. மக்கள் வந்து கேட்டுக் கையொப்பமிட்டனர். அவ்வளவே. கல்தேய மறைமுதல்வரோடு இருந்த தொடர்பு அறுந்தது. வழிபாட்டு நூல்கள் திருத்தப்பட்டன. பல நூல்கள் பெயர் குறிக்கப்பட்டு நெருப்புக்கு இரையாயின. ஊர்தோறும் பள்ளிகளில் இருந்த ஏடுகளைக் கொண்டுவரச் செய்து எரித்தனர். நம் ஏடுகளைக் கரையான் தின்றது, ஆடிப்பெருக்கில் ஆறு கொண்டது என்று வருந்தும் தமிழர்க்கு, அறிந்தே எரித்த இச்செயல் மிக்க வருத்தம் தரும்.

மெனேசிஸுக்குச் சுரியானி தெரியாது. அவருக்குக் கண்ணும் காதுமாக உடனிருந்தவர் ரோஸ். ஆகவே அந்நெருப்பில் அவருக்குப் பங்கில்லை என்று கூற முடியாது. புகழ் பாடும் கட்டுரையில் இதனை விட்டுவிடுவது எளிது. விட்டால் அவர் வாழ்வின் முடிச்சு விளங்காது.

அவ்வாண்டே ரோஸ் அங்கமாலியின் மேற்றிராணியாராக நியமனம் பெற்று, 1601-இல் கோவாவில் அபிஷேகம் பெற்றார். மேலை நாட்டினர் ஒருவர் அம்மக்களுக்குத் தலைவரானது அதுவே முதன்முறை. அந்நியர் என்பதோடு இன்னொரு புண்ணும் இருந்தது. அங்கமாலி பேராயர் பீடமாக இருந்தது. மெனேசிஸ் காலத்தில் அது கோவாவுக்குக் கீழ்ப்பட்ட சிறு பீடமாகத் தாழ்த்தப்பட்டது. நெடுங்காலப் பெருமையை ஒரே கையெழுத்தில் இழந்த மக்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தனர். அரசாங்கம் ஓர் ஊரைத் தாலுகாத் தலைமையிலிருந்து நீக்கினாலே நாம் எத்துணைக் கூட்டம் போடுகிறோம்! 1608 டிசம்பரில் பாப்பரசர் ஐந்தாம் பவுல் அப்பெருமையை மீட்டளித்தார். பீடம் கொடுங்கோளூருக்கு மாறியது, ரோஸ் பேராயரானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1605-இல், அவர் அங்கமாலியை விட்டுக் கொடுங்கோளூர்க் கோட்டைக்கு இருப்பிடத்தை மாற்றியிருந்தார். அங்கே போர்த்துகீசியர் கோட்டை இருந்தது, காவலும் இருந்தது. ஆனால் கொச்சி மேற்றிராணியாருக்கு இது பொறுக்கவில்லை. கொடுங்கோளூர் தம் எல்லை என்றார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1610-இல் எல்லை வரையறுக்கப்பட்டபோது முத்துக்குளித்துறை முதலிய கரைப்பகுதி கொச்சியைச் சார்ந்தது. உள்நாட்டு மதுரை கொடுங்கோளூரைச் சார்ந்தது. அந்நாளில் மதுரையில் இருந்த கிறித்தவர் தொகை மிகச் சிறிது. ஆனால் அச்சிறு தொகையைப் பற்றியே ஐரோப்பா வரை வழக்காடினர்.

மக்களின் மனத்தை ரோஸ் எப்படியேனும் பெற முயன்றார் என்பதற்கும் சான்று உண்டு. 1603-இல் அங்கமாலியில் தாமே ஒரு சங்கம் கூட்டினார். 1606-இல் தம் மேற்றிராசனத்துக்கான சட்டங்களை மலையாளத்திலேயே எழுதி வெளியிட்டார். மலையாள உரைநடை வரலாற்றில் அச்சட்ட நூலுக்கு இடமுண்டு. வழிபாட்டை இலத்தீனுக்கு மாற்றிவிடலாம் என்னும் பேச்சு எழுந்த காலத்தில், சுரியானியை நீக்காமல் அதிலேயே திருத்தம் செய்யும் வழியை மேற்கொண்டார். இன்னொன்றும் சொல்லவேண்டும். கினாயித் தோமாவுக்குச் சேரமான் பெருமாள் கொடுங்கோளூரில் நிலமும் உரிமையும் வழங்கியதாகக் கூறும் பழஞ்செப்பேடு ஒன்று இருந்தது. அது பின்னர்க் காணாமற் போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை 1604-ஐ ஒட்டிய ரோஸின் கைப்பிரதி ஒன்றால் இன்று அறிகிறோம். அக்கைப்பிரதி இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஏடு எரித்தார் கூட்டத்தில் நின்றவரே ஏடு காத்தவருமானார்!

இனி மதுரைக்கு வருவோம்.

1606 நவம்பரில் இருபத்தொன்பது வயதுடைய இத்தாலியர் ஒருவர் மதுரை வந்து சேர்ந்தார். உரோமில் பெருங்குடியில் பிறந்த ராபர்ட் தெ நொபிலி அவர். தத்துவ போதகர் எனத் தமிழுலகம் பின்னர் அவரை அழைத்தது. அவருக்கு முன் 1595 முதல் மதுரையில் இருந்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் முதியவர். நோயாளிக்கு மருந்தளித்தும் கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவர்க்கு ஞானக்கடமை ஆற்றியும் நற்பணி செய்தவர். ஆனால் பத்தாண்டுக்கு மேலாகியும் உள்ளூரார் எவரும் அவர் சமயத்தை நாடவில்லை. காரணத்தை நொபிலி விரைவில் கண்டுகொண்டார். கிறித்தவராதல் என்றால் பரங்கிக் குலத்திற் சேர்தல் என்றே மதுரையார் பொருள் கொண்டிருந்தனர். மாட்டிறைச்சியும் மதுவும் உண்டு, நீராடாது திரியும் குலம் என்பது பரங்கியைப் பற்றி அவர் கருத்து. பெர்னாண்டஸும் அச்சொல்லின் பொருளை உணராது தம்மைப் பரங்கி என்றே கூறி வந்தார்.

நொபிலி பரங்கி அல்லேன் என்றார். காவி உடுத்தார், சந்தனம் அணிந்தார், புலால் விடுத்தார், தனித்த குடிலில் அந்தணர் ஒருவரைச் சமையற்கு அமர்த்தி வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் பயின்றார். வடமொழிக்குச் சிவதர்மர் என்னும் அந்தணர் ஆசிரியரானார். தம்மிடம் வந்து சமயம் தழுவியவர் குடுமியையும் பூணூலையும் நீக்க வேண்டியதில்லை, சந்தனம் பூசலாம், நீராட்டு முறைகளைக் கைக்கொள்ளலாம் என்றார். இம்மாற்றங்களைச் செய்யுமுன் மேலோர் இசைவு வேண்டினார். மாகாணத் தலைவர் லயர்சியோ பாதிரியார் ரோஸைக் கலந்தார். ரோஸ் இசைந்தார்.

இந்த இசைவு எத்துணைத் துணிவுடையது என்பதை அக்காலத்தை நோக்கியே அளக்கவேண்டும். கோவாவில் அன்று மதம் மாறியவர் உடையும் பெயரும் உணவும் மாறவேண்டும். பழைய வழக்கத்தை வீட்டுக்குள் கைக்கொண்டாலும் விசாரணை மன்றம் தேடிவரும். அந்நாட்டுக்கு உட்பட்ட சபையில் ஒருவர் பூணூலைக் கழற்றத் தேவையில்லை என்றால் அது பெருங்குற்றமாகப் பட்டது. தம் நூல்களைப் படித்துப் பிழை கண்டவர் என மலைநாட்டார் யாரை வெறுத்தனரோ, அவரே இதற்கு இசைவளித்தார். இதற்குக் காரணம் என்னவாக இருக்கும்? என் கருத்து இது. குடுமி வைத்த கிறித்தவரையும், தாலி கட்டி மணம் புரியும் கிறித்தவரையும் ரோஸ் இருபதாண்டுகளாக நாள்தோறும் கண்டு பழகியிருந்தார். குடுமி ஒருவன் கடவுட் கொள்கையைக் காட்டாது என்பதை அவர் நூலில் படிக்கவேண்டியதில்லை. வழக்கம் வேறு, கொள்கை வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண்ணை மலைநாடே அவருக்கு வழங்கியது. மலைநாட்டில் அவர் எதிர்த்தது நூலின் கொள்கையை. மதுரையில் அவர் காத்தது உடலின் வழக்கத்தை. அவருக்குள் இவ்விரண்டும் முரணாகப் பட்டிருக்கமாட்டா. நூலை இழந்தவர்க்கு இந்த நுண்ணிய வேறுபாடு ஆறுதல் தருமா என்பது வேறு.

எதிர்ப்பு உடன் குடியிருந்தவரிடமிருந்தே எழுந்தது. 1610-இல் பெர்னாண்டஸ் நீண்டதொரு முறையீடு எழுதி அனுப்பினார். நொபிலி கொச்சிக்கு அழைக்கப்பட்டு விளக்கம் கேட்கப்பட்டார். செய்தி உரோம் வரை பரவியது. நொபிலியின் உறவினரும் பெருங்கல்வியாளருமாகிய கர்தினால் பெல்லார்மின், தம் குடிப்பிறந்தவன் சிலை வழிபாட்டாரோடு சேர்ந்துவிட்டான் என்று கேள்வியுற்று மனம் நொந்தார். விளக்கங்கள் வந்தபின் தெளிந்தார். லயர்சியோவுக்குப் பின் வந்த தலைவர்கள் சிலர் பணிக்குத் தடை விதித்தனர். கடிதம் ஒன்று உரோம் சென்று மறுமொழி வர இரண்டு ஆண்டு ஆகும் காலம் அது. அக்காலமெல்லாம் மதுரைப் பணி கவிழாமல் இருந்தமைக்கு ரோஸின் கடிதங்களும் ஆட்சியுரிமையும் பெருங்காரணம். அவ்வூரின் மேலாளர் அவர். அவர் இசைவளித்ததைக் குற்றமென்று கூற எவரும் சற்றுத் தயங்கவேண்டியிருந்தது.

இறுதியில் பாப்பரசர் ஆணைப்படி கோவாவில் ஆய்வு மன்றம் கூடியது. 1619 பிப்ரவரி 4 அந்நாள். ரோஸ் அறுபதை எட்டிய முதியவர். கொடுங்கோளூரிலிருந்து கோவாவுக்குக் கடல்வழியே செல்லவேண்டும். செல்வதற்கு முன் ஒரு முடிவு செய்யவேண்டியிருந்தது: தாம் இல்லாத காலத்தில் மலைநாட்டுச் சபையை யார் பார்ப்பது? வழக்கப்படி அது அர்க்கதியாக்கோன் உரிமை. அர்க்கதியாக்கோன் ஜார்ஜுக்கும் ரோஸுக்கும் முன்னரே பகை மூண்டு, 1615-இல் தணிந்திருந்தது. ரோஸ் அவரிடம் பொறுப்பை ஒப்புவிக்காமல் வைப்பிக்கோட்டைக் குருமடத் தலைவரிடம் ஒப்புவித்தார். தணிந்த நெருப்பு மீண்டும் பற்றியது. ஜார்ஜ் வெளிப்படையாகவே எதிர்த்து நின்றார். கத்தனார் பலரும் மக்களும் அவர் பின் நின்றனர்.

மதுரையாரின் வழக்கத்துக்காக வாதாடப் புறப்பட்டவர், புறப்படும்போதே மலைநாட்டாரின் வழக்கத்தைப் புறக்கணித்துச் சென்றார். அவர் வரலாற்றில் இதைவிடப் பொருள் நிறைந்த இடம் இல்லை.

கோவா மன்றத்தில் தலைமை வகித்தவர் அந்நகரப் பேராயர் கிறிஸ்டோவாம் தெ சா. நொபிலியின் முறைகளை அவர் முன்னரே வெறுத்தவர். அறிஞரும் துறவியரும் விசாரணை மன்றத்தாரும் அமர்ந்திருந்தனர். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகிய நான்கும் சமயச் சின்னமா, குலச் சின்னமா என்பதே கேள்வி. நொபிலி தருமசாத்திரங்களையும் தத்துவ நூல்களையும் எடுத்துக்காட்டி வாதாடினார்: ஒன்றையொன்று மறுக்கும் பல கொள்கையுடையோரும் இதே பூணூலை அணிகின்றனர், ஆதலின் அது குலத்தையும் கல்வியையும் குறிப்பது, தெய்வத்தைக் குறிப்பதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ரோஸ் அவரை ஆதரித்துப் பேசினார். விசாரணை மன்றத்தார் இருவருள் அல்மெய்தா என்பவரும் நொபிலி பக்கம் நின்றார். எனினும் கூடியிருந்தோரிற் பெரும்பாலோர் எதிராகவே கருத்துரைத்தனர். எண்ணிக்கையில் தோற்றுத் திரும்பினார் முதியவர்.

ஆனால் வழக்கு அங்கே முடியவில்லை. ஆவணங்கள் லிஸ்பனுக்கும் உரோமுக்கும் சென்றன. போர்த்துகல் நாட்டு விசாரணைத் தலைவர் நொபிலிக்குச் சார்பாக எழுதினார். உரோமில் நியமனமான அறிஞருள் அயர்லாந்து நாட்டு ஆர்மா நகரப் பேராயர் பீட்டர் லொம்பார்டு இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியால் தம் ஊரில் கால்வைக்க இயலாது அயலூரில் வாழ்ந்த பேராயர் அவர். அவரும் மதுரைக்குச் சார்பாகக் கருத்துரைத்தார். 1623 ஜனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் ஆணை பிறப்பித்தார்: பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை, பிறசமயச் சடங்கு கலவாத முறையில், மதம் தழுவியோர் கைக்கொள்ளத் தடையில்லை. கோவாவில் சிறுபான்மையாய் நின்றவர் கருத்து உரோமில் வென்றது.

இங்கே நம் காலத்துக் கண்கொண்டு ஒன்றைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. குலச் சின்னம் என்று வாதாடி வென்றதனால் குலமும் உடன் வென்றது. மதுரையில் நொபிலியைச் சேர்ந்தோர்க்கு ஒரு கோயில், பெர்னாண்டஸைச் சேர்ந்த பரதவர்க்கு வேறு கோயில். தாழ்த்தப்பட்டோரிடம் வெளிப்படையாகப் பழக இயலாமையால், அவர்க்கெனப் பண்டார சுவாமிகள் என்னும் தனித் துறவியர் முறை 1640-இல் தோன்றியது. வழக்கத்தைக் காத்த கை சாதிச்சுவரையும் காத்தது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அச்சுவரின் சுவடு நெடுநாள் இருந்ததை நாம் அறிவோம். நொபிலிக்கும் ரோஸுக்கும் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. நமக்குத் தோன்றுகிறது.

ஆணை பிறந்து ஓராண்டு கழித்து, 1624 பிப்ரவரியில், ரோஸ் பரவூரில் உயிர் நீத்தார். அங்குள்ள பழம்பள்ளியில் அடக்கம் செய்யப்பட்டார். மலைநாட்டில் நாற்பதாண்டுக்கு அருகில் வாழ்ந்தவர். பிறந்த ஊரை மீண்டும் கண்டதில்லை. அர்க்கதியாக்கோனோடு மனம் ஒன்றிய உறவு இறுதிவரை ஏற்படவில்லை. அவருக்குப் பின் எஸ்தேவாம் தெ பிரிட்டோவும் அவருக்குப் பின் பிரான்சிஸ் கார்சியாவும் பேராயராயினர். கார்சியா காலத்தில், 1653 ஜனவரி 3-ஆம் நாள், மட்டாஞ்சேரியில் திரண்ட மக்கள் சிலுவையிலே கயிறு கட்டிப் பற்றி, சேசு சபை மேற்றிராணியாருக்கு இனிக் கீழ்ப்படியோம் என்று சூளுரைத்தனர். கூனன் குரிசுச் சத்தியம் என்று கேரள வரலாறு போற்றும் நிகழ்ச்சி அது. அன்றோடு இரண்டாகப் பிரிந்த அச்சமுதாயம் மீண்டும் ஒன்றாகவில்லை. 1662-இல் டச்சுக்காரர் கொடுங்கோளூர்க் கோட்டையைக் கைப்பற்றினர்.

மதுரையில் நிகழ்ந்தது வேறு. திருமலை நாயக்கர் ஆட்சி தொடங்கிய காலத்தில் நொபிலி தடையின்றி நடமாடினார். திருச்சிராப்பள்ளி, சேலம் எனப் பணி விரிந்தது. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் இயற்றினார். செய்யுளே நூலுக்குரிய வடிவம் என்றிருந்த காலத்தில் சமய விளக்கத்துக்கெனத் தமிழ் உரைநடையில் அத்துணை எழுதியோர் அரியர். பார்வை மங்கிய முதுமையில் 1656-இல் மயிலாப்பூரில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் நூல்கள் பல உள, மேடைகளில் பேசுகின்றோம், மாணவர்க்கும் கற்பிக்கின்றோம். கொடுங்கோளூரிலிருந்து அவருக்கு இசைவளித்துப் பதினேழு ஆண்டு துணைநின்ற முதியவர் பெயர் மட்டும் அப்பேச்சுகளில் பெரும்பாலும் ஓரிரு வரியோடு நின்றுவிடுகிறது.

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் சுற்றுலா செல்லுங்கால் திருவஞ்சைக்களம் செல்வதைப் பற்றிப் பேசுவதுண்டு. திருச்சூர் வழியாகக் காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் பார்த்து மீளலாம். அவ்வாறு செல்வோர் ஆற்றைக் கடந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் பரவூர் வரும். அதற்கு முன்னரே வழியிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நிலத்தை அகழ்ந்து, யவனர் மதுச்சாடிகளின் ஓடுகளையும் மணிகளையும் பழைய படகு ஒன்றையும் வெளிக்கொணர்ந்துள்ளனர். முசிறி இருந்த இடம் அதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. பரவூரில் கோட்டைக்காவுப் பள்ளி எங்குள்ளது என்று கேட்டால் எவரும் காட்டுவர். ரோஸ் துயில்வது அவ்விடத்திலேதான்.